எதிர்வண்டிக்காரர்

நெடுஞ்சாலை என்று பலகை வைத்திருந்தார்களே தவிர, அந்தச் சாலையில் நெடுமை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பங்கழி. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் நடுவில் யாரோ கயிறு போட்டு வைத்த மாதிரி ஒரு தார்ச்சாலை. வழியில் சின்னச் சின்ன மீன்பிடி ஊர்கள். வலை காயும் வாசம் வந்தால் ஊர் வந்துவிட்டது. வாசம் போனால் ஊரும் போய்விட்டது. வேகமாகப் போக நினைத்தாலும் முடியாது. காற்று மணலை அள்ளி வந்து சாலை மேல் போட்டுக்கொண்டே இருக்கும். விடியும் நேரத்தில் கடலிலிருந்து பனி எழுந்து வந்து சாலையில் படுத்துக்கொள்ளும். வெயில் வந்து விரட்டும்வரை நகராது.

அந்தச் சாலைக்கு இரண்டே பஸ். தெற்கு முனையிலிருந்து கிளம்பும் பஸ்ஸை அவள் ஓட்டினாள். அவளுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. நல்ல உயரம். ஊரில் முகத்துக்கு நேரே ‘டிரைவரக்கா’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘விளக்குக்கம்பம்’. இரண்டாவது பெயரும் அவளுக்குத் தெரியும், காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். அப்பா போன பிறகு மீன் வேன் ஓட்டித் தங்கச்சியைப் படிக்க வைத்தாள், கல்யாணமும் செய்து வைத்தாள். அவளைப் பார்க்க வந்தவர்களும் இல்லாமல் இல்லை. அவள் உட்கார்ந்திருக்கும்வரை சிரித்துப் பேசினார்கள். எழுந்து நின்றதும் “யோசிச்சு சொல்றோம்” என்றார்கள். கொஞ்ச நாளில் அவளே “யாரும் யோசிக்க வேணாம்” என்று அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டாள். தங்கச்சி புருஷன் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். அக்காவும் தங்கச்சியும் ஒரு தையல் மெஷினுமாக வீடு ஓடிக்கொண்டிருந்தது.

வடக்கு முனையிலிருந்து வரும் பஸ்ஸை ஓட்டுகிறவரோடு அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. இருவரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். சாலையின் நடுவே, கழி உள்வாங்கி வளையும் இடத்தில், இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று தாண்டிப் போகும். அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையைத் தூக்குவார். அவளும் தூக்குவாள். அவ்வளவுதான். கண் இமைக்கும் நேரம். ஆனால் அந்தக் கையை வைத்தே அவர் மனசை ஓரளவு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கை முழுசாக விரிந்தால் சந்தோஷம். இரண்டு விரல் மட்டும் எழுந்தால் தலைவலியோ, தூக்கம் பத்தாததோ. முந்தைய வருஷம் சில நாள் அந்தப் பஸ்ஸை வேறு யாரோ ஓட்டி வந்தார்கள். அந்த நாட்கள் உப்புச் சப்பில்லாமல் போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

“அவர் பேரென்னக்கா?” என்று தங்கச்சி ஒருமுறை கேட்டாள்.

“எதிர்வண்டிக்காரர்.”

“அது ஒரு பேரா?”

“எனக்கு அது போதும்” என்றாள் அவள். தங்கச்சி தைப்பதை நிறுத்திவிட்டு அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

அந்த வருஷம் பருவம் மாறும் சமயத்தில் பெரிய காற்று ஒன்று அடித்தது. ராத்திரி முழுக்கக் கடல் கத்திவிட்டு, விடியும்போது ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அடங்கிக் கிடந்தது. அவள் வழக்கம்போல் பஸ்ஸை எடுத்தாள். பனி அன்றைக்கு என்றைக்கும் இல்லாத அடர்த்தி. வைப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கண்ணாடிக்கு வெளியே பால் ஊற்றிய மாதிரி ஒரே வெள்ளை. கடல் எந்தப் பக்கம், கழி எந்தப் பக்கம் என்று சத்தத்தை வைத்துத்தான் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நடத்துநர் அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். வாய் ஓயாதவன். அதனால் அவனுக்கு ‘ரேடியோ’ என்று பெயர்.

“அக்கா, நாம ரோட்டுலதான் போறோமா, இல்ல கடல்ல இறங்கிட்டோமா?”

“டயர் சத்தம் கேக்குதுல்ல. ரோடுதான்.”

“அப்ப எதுக்குக்கா எதிர்ல ஒரு படகு வருது?”

அவள் பிரேக்கை அழுத்தினாள். பனிக்குள்ளிருந்து நீல நிறத்தில் ஒரு பெரிய படகு எழுந்து நின்றது. வரவில்லை, நின்றுகொண்டிருந்தது. பழுது பார்ப்பதற்காகக் கரையில் ஏற்றி வைத்திருந்த படகைக் கடல் ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக் கொண்டுவந்து சாலையின் குறுக்கே உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தது. பின்பக்கம் கடலோரப் பாறைகளில் சாய்ந்திருந்தது, முன்பக்கம் கழியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பஸ் என்ன, ஒரு சைக்கிள்கூடச் சுற்றிக்கொண்டு போக இடமில்லை. பயணிகள் இறங்கி வாயைப் பிளந்து பார்த்தார்கள். யாருக்கும் சத்தமாகப் பேசத் தோன்றவில்லை. தூங்குகிறவரை எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல் அடிமேல் அடிவைத்து நடந்தார்கள்.

படகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஹாரன் சத்தம் வந்தது. அந்த ஹாரன் அவளுக்குத் தெரியும். சளி பிடித்த மாதிரி கரகரவென்று இருக்கும். அவளும் ஒருமுறை அடித்தாள். கொஞ்ச நேரத்தில் மேல்தளத்தின் விளிம்பில் ஒரு தலை தெரிந்தது. பிறகு ஆள் முழுசாக எழுந்து நின்றார். பனியில், படகின் மேல், காக்கிச் சட்டையில் ஒரு கப்பல் தலைவர் மாதிரி.

“அந்தப் பக்கம் வழியே இல்லையா?” என்று மேலேயிருந்து கேட்டார்.

அதுதான் அவருடைய குரல். மென்மையாக இருந்தது. அவள் மனசில் வைத்திருந்த குரல் இன்னும் கனமானது. இதுவும் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

“இல்லங்க. நீங்க இறங்கி வாங்க.”

தொங்கிக்கொண்டிருந்த ஒரு கயிற்றைப் பிடித்து அவர் இறங்கினார். இறங்கி, கையைத் தட்டிவிட்டு, அவள் முன்னால் வந்து நின்றார். அவருடைய தலை அவள் தோளுக்குத்தான் வந்தது. இத்தனை வருஷமாக ஸ்டீயரிங்குக்கு மேலே ஒரு முகமும் ஒரு கையுமாகவே பார்த்துப் பழகியவள் தன்னையறியாமல் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்:

“நீங்க இவ்ளோதானா?”

அவர் அண்ணாந்து பார்த்தார். “நீங்க இவ்ளோவா?”

ரேடியோ சிரித்த சிரிப்பில் கழியிலிருந்து நாரைகள் எழும்பிப் பறந்தன. அவள் காது சூடானது. ஆனால் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்கிற சிரிப்பு இல்லை அது.

வெயில் ஏறியதும் படகுக்காரம்மா வந்து சேர்ந்தாள். குடையும் கையுமாக வந்தவள் படகைச் சுற்றி ஒரு நடை நடந்து, பலகைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு கீறல் இல்ல. கடல் பூ மாதிரி வெச்சிட்டுப் போயிருக்கு” என்றாள். சாலைத்துறை ஆட்கள் வந்து, உடைத்து அப்புறப்படுத்தலாம் என்றார்கள். “என்னை உடைச்சிட்டு அப்புறம் படகை உடைங்க” என்று அவள் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பட்டணத்திலிருந்து கிரேன் கொண்டுவரலாம் என்றால், வழியிலுள்ள பாலம் அந்தக் கனத்தைத் தாங்காது. கடைசியில் படகுக்காரம்மாவே ஒரு யோசனை சொன்னாள். பௌர்ணமிக்குக் கடல் பொங்கும், கழியில் தண்ணீர் சாலை விளிம்புவரை ஏறும். அப்போது ஊரெல்லாம் சேர்ந்து இழுத்தால் படகு கழியில் இறங்கிவிடும். அதுவரை பொறுங்கள் என்றாள்.

அதுவரை பஸ்ஸுக்கு என்ன வழி? அதற்கும் வழி பிறந்தது. படகின் இரண்டு பக்கமும் ஏணி வைத்துக் கட்டினார்கள். தெற்கு பஸ் வந்து இந்தப் பக்கம் நிற்கும், வடக்கு பஸ் வந்து அந்தப் பக்கம் நிற்கும். ஆட்கள் ஏணியில் ஏறி, மேல்தளத்தில் நடந்து, மறுபக்கம் இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார்கள். படகுக்காரம்மா நடுவில் குடையை விரித்து உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் மிரட்டுவாள்.

“செருப்பைக் கழட்டிக் கையில புடி! இது ரோடு இல்ல, படகு!”

பள்ளிக்கூடப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மீன்கூடைகள் கைமாறிக் கைமாறிப் போயின. ஒரு நாள் இரண்டு ஆட்டுக்குட்டிகள் கடந்தன. இன்னொரு நாள் ஒரு கண்ணாடி அலமாரி, வானத்தையும் மேகத்தையும் சுமந்துகொண்டு, நாலு பேர் தோளில் படகைக் கடந்து போனது. பிறந்து சில நாளே ஆன குழந்தையை ஒருத்தி தூக்கி வந்தபோது படகுக்காரம்மா தானே எழுந்து குடை பிடித்துக்கொண்டு மறுபக்கம்வரை போனாள்.

எல்லாரும் கடந்து முடித்து, திரும்பிப் போகும் நேரம் வரும்வரை இரண்டு ஓட்டுநர்களுக்கும் வேலையில்லை. மேல்தளத்தில், படகோட்டி நிற்கும் சுக்கான் அறையின் நிழலில் உட்காருவார்கள். அவள் ஃபிளாஸ்கில் டீ கொண்டுவருவாள், அவர் ரொட்டி கொண்டுவருவார். முதல் இரண்டு நாள் பேச்சு வண்டியைப் பற்றியே இருந்தது. கிளட்ச், உப்புக்காற்றில் துருப்பிடிக்கிற கதவு, எந்த வளைவில் மணல் அதிகம் என்று. மூன்றாம் நாள் அவர் கேட்டார்:

“போன மழைக்காலத்துல ஒரு வாரம் நீங்க கையத் தூக்கவே இல்ல. நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனோன்னு நெனச்சேன்.”

அவளுக்கு யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. “தோள்பட்டை புடிச்சிக்கிச்சுங்க. தூக்க முடியல.”

“அப்பாடா” என்றார். போன மழைக்காலத்திலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்ட மாதிரி இருந்தது.

விடியற்காலைப் பயணத்தில்தான் அந்த இடம் மிகவும் அழகாக இருக்கும். பனி படகின் விளிம்புவரை ஏறி நிற்கும். சாலை தெரியாது, பஸ் தெரியாது. மேல்தளம் மட்டும் வெள்ளைக்கு நடுவில் மிதக்கும். கடல் ஒரு பக்கம் மூச்சு விட, படகு மெல்ல நகர்கிற மாதிரியே இருக்கும். ஒரு காலையில் அவர் எழுந்து போய்ச் சுக்கான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க போகணும், சொல்லுங்க.”

“நேரம் பாத்துக் கிளம்ப வேண்டாத ஊருக்கு.”

“ரொம்ப தூரமாச்சே. கட்டுப்படியாகுமா?”

“வண்டிய மொதல்ல எடுங்க. அப்புறம் பேரம் பேசலாம்.”

அவர் சக்கரத்தைத் திருப்பினார். எங்கேயோ அடியில் மரம் முனகியது. இரண்டு பேரும் ஒரு கணம் நிஜமாகவே பயந்து, பிறகு சிறுபிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். குடைக்குக் கீழே கண்ணை மூடியிருந்த படகுக்காரம்மா, “திருப்பினது போதும், வெச்சிருங்க” என்றாள் கண்ணைத் திறக்காமலே.

வீட்டில் தங்கச்சி சும்மா இருப்பாளா? “இப்பல்லாம் ஃபிளாஸ்க் பெருசாயிடுச்சே!” என்று சீண்டினாள். அவள் தன் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் அந்தச் சட்டை கொடியிலிருந்து நேராக உடம்புக்குப் போகும்.

பௌர்ணமி நெருங்கியபோது அவர் அந்த விஷயத்தைச் சொன்னார். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, பெரிய விஷயம் இல்லை என்பதுபோல்.

“அடுத்த மாசம் எனக்கு டவுனுக்கு மாற்றல். நானேதான் எழுதிக் கேட்டேன், ரொம்ப நாள் முன்னாடி.”

அவள் டீயை ஊதினாள். டீ ஏற்கெனவே ஆறியிருந்தது.

“அங்க யாரு இருக்காங்க?”

“யாருமில்ல. இங்கயும் யாருமில்லன்னுதான் கேட்டேன். அம்மா படுத்த படுக்கையா இருந்தாங்க, பல வருஷம். அவங்கள விட்டுட்டு வேற எதையும் நெனைக்க முடியல. போன வருஷம் போயிட்டாங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போனா கதவு தொறக்கிற சத்தமே பெருசா கேக்குது. டவுன்னா சத்தம் இருக்கும்ல, அதான்.”

முந்தைய வருஷம் சில நாள் வேறு ஆள் பஸ் ஓட்டி வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அப்போது இவர் அம்மாவை அடக்கம் செய்துகொண்டிருந்திருக்கிறார். அவள் எதிரே யார் வருகிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். “டவுன்ல நல்ல ரோடு” என்றாள். சொன்ன மாத்திரத்தில் தன் வாயிலேயே ஓர் அறை விடலாம் போலிருந்தது.

பௌர்ணமி அன்று மாலை இரண்டு பக்கத்து ஊர்களும் திரண்டு வந்தன. கழி ததும்பிச் சாலை விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. உருளைக் கட்டைகளை அடியில் செருகினார்கள். கனமான கயிறுகளைக் கழிக்குள் நீட்டி, இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் இறங்கி நின்றார்கள். அவளும் அவரும் ஒரே கயிற்றைப் பிடித்தார்கள். தண்ணீர் அவளுக்கு இடுப்பு, அவருக்கு மார்பு. படகுக்காரம்மா சாலையில் நின்று குடையைத் தூக்கிக் குரல் கொடுக்க, எல்லாரும் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். முதலில் படகு அசைந்துகூடக் கொடுக்கவில்லை. பிறகு சோம்பல் முறிப்பதுபோல் ஒரு நெளிவு. பிறகு திடீரென்று கயிற்றில் கனமே இல்லை. படகு சறுக்கிக்கொண்டு கழியில் இறங்கி, ஆடி நிமிர்ந்து, மேற்கே சிவந்த தண்ணீரில் மிதந்தது.

ஒரே கூச்சல், விசில். ரேடியோ தண்ணீரில் விழுந்து எழுந்து மறுபடியும் விழுந்தான். அவளும் கைதட்டினாள். ஆனால் திரும்பிச் சாலையைப் பார்த்தபோது, அங்கே படகு இருந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. வீட்டைக் காலிசெய்து சாமானெல்லாம் ஏற்றிய பிறகு அறையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் சுருட்டினார்.

மறுநாள் பஸ் பழையபடி ஓட வேண்டியது. பனி வந்துவிட்டது. கழி வளைவு நெருங்க நெருங்க, கையைத் தூக்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆனால் கால் கேட்கவில்லை. படகு நின்ற இடத்தில் தானாகப் பிரேக்கை மிதித்தது. எதிரே பார்த்தால், அந்தப் பஸ்ஸும் நின்றுகொண்டிருந்தது.

இதற்குள் பயணிகள் பாதித் தூக்கத்தில் எழுந்து, பழக்கதோஷத்தில் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எதிர் பஸ்ஸைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். அங்கிருந்தும் அதேபோல் செருப்பும் கையுமாக ஒரு கூட்டம் வந்தது. வெறும் சாலையின் நடுவில் இரண்டு கூட்டமும் எதிரெதிரே வந்து நின்று, ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டது. ஏணியைக் காணோமே என்று ஒரு பாட்டையா சுற்றுமுற்றும் தேடினார். அப்புறம்தான் எல்லாருக்கும் விழிப்பு வந்தது.

அவள் இறங்கி நடந்தாள். அவரும் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

“போகாதீங்க” என்றாள்.

கடல் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. “என்ன?”

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, பஸ் நிலையத்தில் கூப்பிடும் குரலில் சொன்னாள்: “டவுனுக்குப் போகாதீங்கன்னு சொன்னேன்!”

ரேடியோகூட வாயை மூடிக்கொண்டான். அவன் மூடி அன்றைக்குத்தான் பார்த்தார்கள். எதிர்வண்டிக்காரர் அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

“சரிங்க” என்றார். பிறகு முகம் வாடி, “ஆனா ஆர்டர் வந்துடுச்சே” என்றார்.

“ஆர்டர்தான வந்துச்சு, ஆளு இன்னும் போகலல்ல!” என்றாள் கூட்டத்திலிருந்து ஒரு மீன்காரி. “போயி வேணாம்னு சொல்லுய்யா! பொம்பள நடுரோட்ல நின்னு கேக்குது!”

அவர் போய்ச் சொன்னார். டிப்போ அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். டவுனுக்கு மாற்றல் கேட்டு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது வேண்டாம் என்று திரும்பி வந்த முதல் ஆள் இவர்தானாம். காரணம் கேட்டார். “அந்த ரோடு பழகிடுச்சுங்க சார்” என்றார் இவர். அதிகாரிக்கு அதற்குள் கதை எட்டியிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

கல்யாணம் எளிமையாக நடந்தது. அதற்குப் பிறகுதான் நிஜமான சிக்கல் வந்தது: எங்கே குடியிருப்பது? அவள் வீடு தெற்கு முனையில், அவர் வீடு வடக்கு முனையில். விடிந்ததும் இரண்டு பஸ்ஸும் இரண்டு முனையிலிருந்தும் கிளம்ப வேண்டும். கடைசியில் நடுவிலிருந்த ஓர் ஊரில் வீடு பார்த்தார்கள். இரண்டு பஸ்ஸையும் ராத்திரி அங்கேயே நிறுத்திக்கொண்டு, விடியுமுன் காலி வண்டியாக ஆளுக்கொரு முனைக்கு ஓட்டிப் போக அதிகாரி அனுமதி கொடுத்தார். தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே பெட்டி கட்டிக் கொடுத்தாள். “கட்டில் மட்டும் நீளமா பாத்து வாங்குக்கா. இத்தனை வருஷம் உன் கால் வெளிய நீட்டிக்கிட்டு கெடந்தது போதும்” என்றாள்.

கொஞ்ச காலம் கழித்து இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை வாய்த்தது. வெளியூர் எங்கேயாவது போகலாமா என்று யோசித்துவிட்டு, அதே பஸ்ஸில் பயணிகளாக ஏறி உட்கார்ந்தார்கள். மாற்று ஓட்டுநர் புதியவன், இவர்களைத் தெரியாது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் முன்கண்ணாடி வழியாகத் தார் ரோட்டை மட்டுமே பார்த்தவள் முதல்முறையாக அந்தச் சாலையைப் பக்கவாட்டில் பார்த்தாள். கழியில் இறங்கும் ஒரு கல்படிக்கட்டு இருந்தது. ஒரு மஞ்சள் வீட்டு மாடியில் ஒருத்தி போர்வை உதறிக்கொண்டிருந்தாள். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் யாரோ ஒருவர் தன்னந்தனியாக உட்கார்ந்து புல்லாங்குழல் பழகிக்கொண்டிருந்தார். சத்தம் பஸ்ஸுக்குள் வந்து போனது.

“இதெல்லாம் எப்பவும் இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“எனக்கு எப்படித் தெரியும்? நானும் உங்கள மாதிரிதான” என்றார் அவர்.

யாரும் இறங்காத ஒரு நிறுத்தத்தில் அவள் மணியை இழுத்தாள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தான்.

“இங்கயாக்கா? இங்க ஒண்ணுமில்லையே.”

“இருக்கட்டும் தம்பி. என்ன இல்லன்னு பாத்துட்டு வரோம்.”

பஸ் போய்விட்டது. மணல்மேட்டில் ஒற்றையடிப் பாதை ஒன்று ஏறியது. அதற்கு அப்பால் கடல் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அடுத்த பஸ் எப்போது என்று இருவரும் யோசிக்கவில்லை. அவர் முன்னால் ஏறிப் போய், மேட்டில் நின்று, “வந்து பாருங்க” என்று கூப்பிட்டார்.